முழங்கைக்கு நேராக வரும் பந்து: ஃபோர்ஹேண்டா, பேக்ஹேண்டா?

டேபிள் டென்னிஸ் மேசையின் அகலம் 152.5 சென்டிமீட்டர்தான். வலது கைக்காரர் ஒருவர் வலது ஓரத்துக்கு வரும் பந்தை ஃபோர்ஹேண்டிலும் (உள்ளங்கைப் பக்கத்தால் அடிப்பது) இடது ஓரத்துக்கு வரும் பந்தை பேக்ஹேண்டிலும் (புறங்கைப் பக்கத்தால் அடிப்பது) ஆட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டையை எடுத்த சில நாட்களிலேயே கை அதைத் தானாகப் பழகிக்கொள்ளும். சிக்கல் இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, வலது முழங்கைக்கும் வலது இடுப்புக்கும் நேராக வந்து சேரும் பந்து. மற்றொன்று, இடது மூலைக்கு மெதுவாக வரும் பந்து. அதை நின்ற இடத்திலேயே பேக்ஹேண்டில் எடுக்கலாம். இடப்புறமாகச் சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டில் ஓங்கியும் அடிக்கலாம். பள்ளி நாட்களில் ஆடத் தொடங்கி, வேலை, குடும்பம் என்று நடுவில் பல ஆண்டுகள் விட்டுப்போய், நாற்பதைத் தாண்டியபின் மறுபடி மேசைக்குத் திரும்பியவன் நான். இந்த இரண்டு இடங்களைப் பற்றி ஆட்டத்திலிருந்தும், எதிராளிகளிடமிருந்தும், இப்போது எங்கள் கூடத்துக்கு வரும் பிள்ளைகளுக்குப் பந்து போட்டுக்கொடுப்பதிலிருந்தும் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் திசைகளை மாற்றி வாசித்துக்கொள்ளலாம்.

நான் கற்றுக்கொண்ட காலத்தில் இந்தக் கேள்வி எழுந்ததே இல்லை. அப்போது பந்து 38 மில்லிமீட்டர். ஒரு கேம் 21 பாயிண்ட். ஆளுக்கு ஐந்து சர்வீஸ். பேக்ஹேண்ட் பந்தைத் திருப்பிப் போடுவதற்கு, ஃபோர்ஹேண்ட் பாயிண்ட் எடுப்பதற்கு என்பதே எங்கள் மாஸ்டரின் ஒரே பாடம். இடது மூலைக்கு வந்த பந்தைச் சுற்றிப்போய் அடிக்காமல் பேக்ஹேண்டில் தட்டிவிட்டவனைச் சோம்பேறி என்றே அவர் அழைப்பார். அதை அவருடைய தனிப்பட்ட பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. பேனா பிடிப்பதுபோல் மட்டையைப் பிடிக்கும் பென்ஹோல்டு பிடியில், ஒரு பக்க ரப்பரை மட்டும் கொண்டு, மேசை முழுவதையும் கால்களால் கடந்து ஃபோர்ஹேண்டிலேயே ஆடுவது கொரியர்களின் புகழ்பெற்ற பாணி. 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தென் கொரியாவின் ரியூ சுங்-மின் ஆடவர் ஒற்றையர் தங்கத்தை அந்தப் பாணியில்தான் வென்றார். இறுதியாட்டத்தில் அவரிடம் தோற்ற சீனாவின் வாங் ஹாவ் அதே பென்ஹோல்டு பிடிக்காரர்தான். ஆனால் மட்டையின் பின்புறத்திலும் ரப்பர் ஒட்டி, பேக்ஹேண்டில் முழுமையான டாப்ஸ்பின் (பந்தை மேல்நோக்கி உரசி முன்சுழற்சி கொடுக்கும் அடி) ஆடியவர். அன்று வென்றது ஃபோர்ஹேண்ட். என்றாலும், ஒற்றைப் பக்க ஆட்டத்தைக் கொண்டு ரியூவுக்குப் பின் எவரும் ஆடவர் ஒற்றையர் ஒலிம்பிக் தங்கம் வெல்லவில்லை.

காரணம் பெரும்பாலும் விதிகளில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் முடிந்ததும் பந்து 40 மில்லிமீட்டரானது. 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குப் பின் ரப்பரின் வேகத்தைக் கூட்டிய ஸ்பீடு குளூ என்ற பசை தடைசெய்யப்பட்டது. 2014 முதல் செல்லுலாய்டின் இடத்துக்கு பிளாஸ்டிக் பந்து வந்தது. இவை ஒவ்வொன்றும் வேகத்திலோ சுழற்சியிலோ கொஞ்சம் பிடித்துக்கொண்டன. ஒரே அடியில் முடிந்துகொண்டிருந்த பாயிண்ட் நீண்டது. பந்து பலமுறை மாறி மாறிப் போய்வரும் நீண்ட ராலியில் பலவீனமான பேக்ஹேண்டை மறைத்து வைக்க வழியில்லாமல் போயிற்று. அதோடு, மேசைக்குள் குட்டையாக விழும் சர்வீஸை மணிக்கட்டைச் சுழற்றி பேக்ஹேண்டில் டாப்ஸ்பினாக எடுக்கும் பனானா ஃபிளிக் பரவியது. 2011, 2013 உலகப் பட்டங்களையும் 2012 லண்டன் ஒலிம்பிக் தங்கத்தையும் வென்ற ஜாங் ஜிகே, சர்வீஸ் போடுபவருக்கே உரியது என்று கருதப்பட்ட முதல் தாக்குதலை அந்த ஃபிளிக்கால் ரிசீவ் செய்பவரின் கைக்கு மாற்றினார். 2024 பாரிஸில் தங்கம் வென்ற ஃபான் ஜென்டோங்கின் ஆட்டத்தில் எந்தப் பக்கம் பலம், எந்தப் பக்கம் காவல் என்று பிரித்துச் சொல்வதே கடினம்.

நம் ஊரிலேயே இரண்டு வகைக்கும் மாதிரிகள் உண்டு. சரத் கமல் உயரமானவர். மேசையிலிருந்து சற்று விலகி நின்று ஃபோர்ஹேண்டில் ஓங்கி அடிப்பதுதான் அவருடைய அடையாளம். சத்தியன் மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே எடுத்து, வேகமான பேக்ஹேண்டால் எதிராளியை மூச்சுவிடவிடாமல் நெருக்குபவர். இருவரும் சென்னைக்காரர்கள், 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய ஆடவர் அணி வெண்கலம் வென்றபோது இருவரும் அந்த அணியில் இருந்தார்கள். எங்கள் கூடத்தில் சரத் கட்சி, சத்தியன் கட்சி என்று இன்றும் விவாதம் நடக்கும். அவர்களுடைய அடியைப் பார்த்து அதைப்போல் அடிக்க முயல்வதில் கிளப் ஆட்டக்காரருக்குப் பயன் குறைவு. அடித்து முடித்த கணத்துக்கும் அடுத்த பந்து வந்து சேரும் கணத்துக்கும் நடுவில் அவர்களுடைய கால்கள் எங்கே போகின்றன என்று கவனிப்பதில் நிறையவே இருக்கிறது. நான் சொல்லவரும் விஷயமும் அந்த இடைவெளியைப் பற்றியதுதான்: எந்தப் பக்கத்தில் ஆடுவது என்பதைப் பந்து வந்தபின் தீர்மானிக்க நேரமில்லை, நாம் இதற்கு முன் அனுப்பிய பந்துதான் அதைத் தீர்மானித்து வைத்திருக்கிறது.

முதலில் இரண்டு அடிகளின் இயல்பைப் பார்த்துவிடலாம். ஃபோர்ஹேண்டில் மட்டை உடலின் பக்கவாட்டில் பின்னே போகிறது. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளைக் கொண்டுவந்து அடிக்கிறோம். ஆகவே பலம் அதிகம். கை எட்டும் வட்டமும் பெரிது. பந்து கொஞ்சம் தள்ளி வந்தாலும், கொஞ்சம் தாமதமாக வந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் அந்தத் தயாரிப்புக்கு நேரம் வேண்டும். பேக்ஹேண்டில் மட்டை வயிற்றுக்கு முன்னால் தொடங்கி முன்னாலேயே முடிகிறது. முழங்கை அச்சாக நிற்க, முன்கையும் மணிக்கட்டும் வேலையைச் செய்கின்றன. நேரம் குறைவாகவே தேவைப்படும். பந்து மேசையில் பட்டு எழும்பும்போதே எடுத்துவிடலாம். அதற்கு ஈடாக, அந்த அடிக்கான இடம் மிகக் குறுகியது. பந்து வயிற்றுக்கு நேராக, ஏறக்குறைய இரண்டு தோள்களின் அகலத்துக்குள் வர வேண்டும். ஒரு சாண் விலகினாலும் கை நீண்டு, மட்டையின் கோணம் கெட்டுவிடும். இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி எளிமையானது. நேரம் இருந்தால் ஃபோர்ஹேண்ட், இல்லாவிட்டால் பேக்ஹேண்ட். வேகமாக நடுவுக்கு வரும் பந்தை பேக்ஹேண்டில் தடுப்பதும், மெதுவாக அதே இடத்துக்கு வரும் பந்தை நகர்ந்து ஃபோர்ஹேண்டில் அடிப்பதும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனால் நடு என்பது மேசையின் நடுக்கோடு அல்ல. ஒவ்வொருவருக்கும் ஃபோர்ஹேண்டும் பேக்ஹேண்டும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. தயார்நிலையில் குனிந்து நிற்கும்போது வலது முழங்கைக்கு நேர் எதிரே, பெரும்பாலும் கால்சட்டையின் வலது பைக்கு நேராக அது அமையும். நாம் நகர்ந்தால் அதுவும் நகரும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: நண்பர் ஒருவரை எதிரே நிற்கவைத்து, ஒரே வேகத்தில், இடது ஓரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பந்தையும் முந்தையதைவிட ஓர் உள்ளங்கை அகலம் வலப்பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள், நீங்கள் கால்களை நகர்த்தாமல் ஆடுங்கள். ஒரு கட்டத்தில் பேக்ஹேண்ட் ஆடும்போது முழங்கை மேலே தூக்கிக்கொள்ளும். அதற்கு அடுத்த பந்தில் ஃபோர்ஹேண்டுக்குப் போனால் கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இரண்டு பந்துகளுக்கு இடையில் இருக்கிறது உங்கள் பலவீனமான இடம். பலருக்கு அது எதிர்பார்த்ததைவிட அகலமாக இருக்கும். அந்த இடத்துக்கு வரும் பந்துக்கு இரண்டே தீர்வுகள். இடப்பக்கம் சிறிய அடி எடுத்துவைத்து, வலது காலைப் பின்னுக்கு இழுத்து ஃபோர்ஹேண்டுக்கு இடம் உண்டாக்குவது ஒன்று. வலப்பக்கம் அரை அடி நகர்ந்து பந்தை வயிற்றுக்கு முன் கொண்டுவந்து பேக்ஹேண்ட் ஆடுவது மற்றொன்று. நின்ற இடத்திலேயே உடம்பை மட்டும் வளைத்துக்கொள்வது தீர்வாகாது. என்றாலும் கிளப் ஆட்டங்களில் பத்துப் பேரில் எட்டுப் பேர் செய்வது அதைத்தான்.

இதை எனக்கு உறைக்கும்படி காட்டியவர் எங்கள் கூடத்துக்கு வரும் பெரியவர் ஒருவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ் (நீண்ட மொட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்) ரப்பர் ஒட்டியவர், ஓடவே மாட்டார். வேகமும் கிடையாது. ஆனாலும் அவரைவிட இருபது, முப்பது வயது குறைந்தவர்கள் அவரிடம் தோற்றுவிட்டு ரப்பரைக் குறை சொல்லிக்கொண்டு போவார்கள். சர்வீஸ் போடுவதற்கு முன் அவர் எங்கே பார்க்கிறார் என்று ஒருநாள் ஓரத்தில் உட்கார்ந்து கவனித்தேன். பந்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எதிராளியின் வலது முழங்கையைப் பார்க்கிறார். பிறகு பந்தைப் பார்க்கிறார். பிறகு மறுபடி முழங்கையை. ராலி தொடங்கியபின் அவர் அனுப்பும் பந்துகளில் பெரும்பகுதி அந்த முழங்கையைத் தேடியே போனது. எதிராளி வலப்பக்கம் நகர்ந்தால் பந்தும் வலப்பக்கம், இடப்பக்கம் நகர்ந்தால் பந்தும் இடப்பக்கம். கேட்டேன். “தம்பி, இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு நீங்க யோசிக்கிறப்பவே எனக்குப் பாயிண்ட் வந்துடுது. நான் எதுக்கு ஓடணும்?” என்றார். அன்றிலிருந்து என் ஆட்டத்தில் இரண்டு மாற்றங்கள். என்னுடைய நடு எங்கே என்பதை அறிந்து காத்துக்கொள்வது ஒன்று. எதிராளியின் நடுவுக்குப் பந்து அனுப்புவது மற்றொன்று. இரண்டாவதை வைத்து எடுத்த பாயிண்டுகள்தான் எனக்கு அதிகம்.

இனி, முந்தைய பந்துதான் தீர்மானிக்கிறது என்று சொன்னேனே, அதை விரிவாகச் சொல்ல வேண்டும். இருவரும் வலது கைக்காரர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் எதிராளியின் வலது ஓரத்துக்கு, அதாவது அவருடைய ஃபோர்ஹேண்ட் மூலைக்கு, பந்தை அகலமாக அனுப்பினால், அவர் அதைக் குறுக்காகத் திருப்பும்போது பந்து என் வலது ஓரத்தைத் தாண்டி, மேசைக்கு வெளியே கூடப் போகலாம். அப்போது நான் இடப்பக்கம் நின்றுகொண்டிருந்தால் எந்த அடியும் பயன்படாது. ஆகவே அந்தப் பந்தை அனுப்பிய உடனேயே, அது வலையைக் கடப்பதற்குள், நான் வலப்பக்கம் நகர வேண்டும். அடுத்தது ஃபோர்ஹேண்ட் என்று உடம்பு முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மாறாக, அவருடைய பேக்ஹேண்ட் மூலைக்கு அகலமாக அனுப்பினால், குறுக்கே வரும் பந்து என் இடது ஓரத்துக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகும். அப்போது பேக்ஹேண்ட் தயாராக இருக்க வேண்டும். அவருடைய முழங்கைக்கே அனுப்பினால் இரண்டு பக்கமும் அவருக்குக் கோணம் குறைகிறது. திரும்பி வரும் பந்து பெரும்பாலும் என் மேசையின் நடுப்பகுதிக்குள்ளேயே வருவதால், நகர்ந்து ஃபோர்ஹேண்ட் ஆட எனக்கு நேரமும் கிடைக்கிறது. திசையோடு பந்தின் தன்மையும் சேர்ந்துகொள்ளும். குட்டையாக, அடிச்சுழற்சியோடு நான் புஷ் செய்தால் (பந்தின் அடியில் மட்டையைச் செலுத்தி மெதுவாகத் தள்ளினால்) எதிராளியும் பெரும்பாலும் புஷ்தான் செய்வார். மெதுவான பந்து, ஃபோர்ஹேண்டுக்கு வாய்ப்பு. நானே நீளமாகவும் வேகமாகவும் அனுப்பினால் வருவதும் வேகமாகவே வரும். அப்போது ஃபோர்ஹேண்டுக்காகக் காத்திருப்பவர் தாமதமாகிவிடுவார். மட்டையை வயிற்றுக்கு முன்னால், வலையின் உயரத்துக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு பேக்ஹேண்டுக்குச் சாய்வாக நிற்பது நல்லது. தன் சர்வீஸுக்கு எந்த வகைப் பந்து திரும்பி வரும் என்று முன்னரே சொல்ல முடியாதவர், மூன்றாவது பந்தை (தன் சர்வீஸ் திரும்பி வந்ததும் தான் ஆடும் அடியை) எந்தப் பக்கம் ஆடுவது என்று கவலைப்படுவதற்கு முன் சர்வீஸையே சீராக்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது இடது மூலைக்கு வருவோம். பேக்ஹேண்ட் மூலையிலிருந்து சுற்றிப்போய் ஃபோர்ஹேண்டில் அடிப்பதைப்போல் பார்வைக்கு அழகான அடி இந்த ஆட்டத்தில் குறைவு. அதனாலேயே இளைஞர்கள் தேவையில்லாதபோதும் அதை ஆடுகிறார்கள். அந்த அடியின் விலை என்னவென்று பாருங்கள். நாம் மேசையின் இடது ஓரத்துக்கு வெளியே போய்விட்டோம். மேசையின் முழு அகலமும் வலப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. எதிராளி மட்டையைச் சும்மா வைத்தாலே போதும். ஆகவே மூன்று நிபந்தனைகள் கூடினால் ஒழிய நான் சுற்றிப்போவதில்லை. பந்து மெதுவாக வர வேண்டும். அது இடது மூலைக்குத்தான் வருகிறது என்பது எதிராளியின் மட்டை பந்தைத் தொடும்போதே தெரிந்திருக்க வேண்டும். என் முந்தைய பந்து அவரைத் தடுமாற வைத்திருக்க வேண்டும். புஷ் செய்யும் எதிராளிக்கு எதிராக இந்த மூன்றும் அடிக்கடி கூடும். பிளாக் செய்பவருக்கு (வேகமான பந்தை மட்டையை வைத்துத் தடுத்தே திருப்புபவருக்கு) எதிராக அரிதாகவே கூடும்.

சுற்றிப்போன பிறகு எங்கே அடிப்பது என்பதையும் போவதற்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். நேர்க்கோட்டில் எதிராளியின் ஃபோர்ஹேண்ட் மூலைக்கு அடித்தால் பந்து அங்கேயே முடிந்தாக வேண்டும்; முடியாமல் குறுக்கே திரும்பினால், அது மேசையிலேயே நமக்கு மிகத் தொலைவான இடத்துக்கு வரும். குறுக்காக அவருடைய பேக்ஹேண்டுக்கு அடித்தால், அவர் நேர்க்கோட்டில் பிளாக் செய்யும் ஆபத்து உண்டு. ஆனால் நேர்க்கோட்டு பிளாக் எல்லாருக்கும் கைவந்ததல்ல என்பதால் முதல் கேமில் ஒருமுறை சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் அதிகப் பயன் தருவது அவருடைய முழங்கைக்கு அடிப்பதுதான். அவருக்கும் எந்தப் பக்கம் என்ற தடுமாற்றம். நமக்கும் திரும்பி வர ஓர் அடி நேரம். இதில் பலர் மறக்கும் ஒரு சிறிய விஷயம், சுற்றிப்போகும்போது இடது காலை எவ்வளவு தூரம் வைக்கிறோம் என்பது. மேசையின் இடது ஓரக்கோட்டுக்கு வெளியே இடது பாதம் முழுதும் போய்விட வேண்டும். வலது கால் அதற்குப் பின்னால் வட்டமாகச் சுழன்று வர வேண்டும். அரைகுறையாக நகர்ந்தால் பந்து மறுபடி விலாவுக்கே வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கு நின்ற இடத்திலேயே பேக்ஹேண்ட் ஆடியிருக்கலாம்.

ரிசீவ் செய்யும்போது இந்தத் தேர்வு வேறு வடிவம் எடுக்கிறது. வலது பக்கம், வலைக்கு அருகே குட்டையாக விழும் சர்வீஸை முன்பெல்லாம் வலது காலை மேசைக்கு அடியில் நீட்டி ஃபோர்ஹேண்டில்தான் தொட வேண்டும். இப்போது பத்து வயதுப் பிள்ளைகள்கூட அந்தப் பந்துக்கும் ஓடிப்போய் பேக்ஹேண்டில் பனானா ஃபிளிக் போடுகிறார்கள். மேசைக்கு மேலே மணிக்கட்டு சுழல பேக்ஹேண்டில் இடம் அதிகம் என்பது உண்மைதான். மேசையின் மேற்பரப்பு ஃபோர்ஹேண்டின் பின்னிழுப்பைத் தடுக்கிறது. பேக்ஹேண்டில் முழங்கையை உயர்த்தி மட்டை நுனியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டால் போதும். ஆனால் வலது ஓரம்வரை போய் பேக்ஹேண்ட் போட்டவர், அடுத்த பந்து இடது மூலைக்கு நீளமாக வரும்போது எங்கே இருப்பார்? திரும்பி வரக் கால் வேகம் உள்ளவர்களுக்கு அது ஆயுதம். நம்மைப் போன்றவர்களுக்கு அது கடன். என்னுடைய வழக்கம், நடுக்கோட்டுக்குச் சற்று வலதுவரை பேக்ஹேண்ட் ஃபிளிக், அதற்கு அப்பால் ஃபோர்ஹேண்டில் குட்டைப் புஷ் அல்லது எளிய ஃபிளிக். எல்லை எங்கே என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எல்லை ஒன்று இருக்க வேண்டும், சர்வீஸ் வருவதற்கு முன்பே அது மனத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

பிடியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கை குலுக்குவதுபோல் மட்டையைப் பிடிக்கும் ஷேக்ஹேண்டு பிடியில் கட்டைவிரல் ஃபோர்ஹேண்ட் பக்கத்திலும் ஆள்காட்டிவிரல் பேக்ஹேண்ட் பக்கத்திலும் ரப்பரின் கீழ் ஓரத்தில் படிந்திருக்கும். பேக்ஹேண்ட் அதிகம் ஆடுபவரின் கட்டைவிரல், அவர் அறியாமலேயே மேலே ஏறி பிளேடைப் பின்னாலிருந்து தாங்கும். ஃபோர்ஹேண்ட்காரரின் ஆள்காட்டிவிரல் மேலேறும். பழைய ரப்பரைக் கழற்றும்போது கைப்பிடிக்கு மேலே வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கங்களில் எந்தப் பக்கம் தேய்மானம் உயரமாகப் போயிருக்கிறதோ, அதற்கு மறுபக்கத்து அடியைத்தான் நீங்கள் நம்பி ஆடிக்கொண்டிருக்கிறீர்கள். பிடி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மறுபக்கத்துக்கு மாற ஒரு கணம் கூடுதலாகும். நடுவுக்கு வரும் பந்தில் அந்த ஒரு கணம்தான் கிடைக்காது. ராலியின் நடுவே பிடியை மாற்றும் உயர்நிலை ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்கள் நாள் முழுக்கப் பயிற்சி செய்பவர்கள். நமக்கு நடுநிலையான பிடியே போதும்: மட்டையின் விளிம்பு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் நடுவில் வந்து அமர வேண்டும், சர்வீஸ் போட்டபின் அங்கே திரும்பிவிட வேண்டும். சர்வீஸுக்காக மூன்று விரல்களைப் பிரித்துப் பிடிப்பவர்கள் மூன்றாவது பந்து வந்து சேரும்வரை அப்படியே நிற்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

பயிற்சி விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. இரண்டு பேர் மேசையின் இரண்டு முனைகளில் நின்று, கால்மணி நேரம் ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட், கால்மணி நேரம் பேக்ஹேண்டுக்கு பேக்ஹேண்ட் என்று ஆடுவது உடம்பைச் சூடாக்கும். தேர்வு செய்யப் பழக்காது. ஆட்டத்தில் எவரும் நமக்கு ஒரே இடத்துக்குப் பந்து போடப்போவதில்லை. சுவீடனின் ஃபால்கன்பெர்க் நகரத்தின் பெயரால் வழங்கும் பயிற்சி ஒன்று உண்டு. இடது மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே இடத்தில் சுற்றிப்போய் ஒரு ஃபோர்ஹேண்ட், பிறகு வலது ஓரத்துக்கு ஓடி ஒரு ஃபோர்ஹேண்ட், திரும்ப இடது மூலை. மூன்று அசைவுகளும் இதில் வந்துவிடுகின்றன. ஆனால் இதுவும் முன்னரே தெரிந்த வரிசைதான்; கால்களைப் பழக்கும், கண்ணைப் பழக்காது. இதற்குப் பின் நான் சேர்ப்பது இரண்டு. முதலாவது, பந்து போடுபவர் இடது மூலைக்கு ஒன்றோ இரண்டோ போட்டுவிட்டு, சொல்லாமல் நடுவுக்கு ஒன்று போட வேண்டும். அந்த நடுப்பந்தை நகர்ந்து எடுத்தால் மட்டுமே கணக்கு, வளைந்து எடுத்தால் அது மேசைக்குள் விழுந்தாலும் கணக்கில்லை. இரண்டாவது, சர்வீஸ் போடும் முன் ஆடுபவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: என்ன சர்வீஸ், எங்கே, அது எப்படித் திரும்பும், மூன்றாவது பந்தை எந்தப் பக்கம் ஆடப்போகிறேன் என்று. பிள்ளைகள் முதலில் வெட்கப்படுவார்கள். சில வாரங்களில், தங்கள் ஊகம் எங்கே தவறுகிறது என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்; கோச்சுக்குப் பாதி வேலை குறைந்துவிடும்.

இடது கைக்காரர்களோடு ஆடும்போது மேலே சொன்ன கோணங்கள் அப்படியே புரண்டுவிடும். நம் ஃபோர்ஹேண்டிலிருந்து குறுக்கே போகும் பந்து அவருடைய பேக்ஹேண்டுக்குப் போகிறது. அவருடைய ஃபோர்ஹேண்டிலிருந்து குறுக்கே வருவது நம் பேக்ஹேண்டின் ஓரத்துக்கு வருகிறது. அவருக்கு எதிராக நான் வழக்கத்தைவிட இடது ஓரமாகக் காலை வைத்துக்கொள்கிறேன். சுற்றிப்போவதை ஏறக்குறைய விட்டுவிடுகிறேன். லாங் பிம்பிள்ஸ்காரர்களோடு ஆடும்போது வேறு கணக்கு. 2018 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் மணிகா பத்ரா மகளிர் ஒற்றையர் தங்கம் வென்றபோது, அவருடைய பேக்ஹேண்டில் இருந்த பிம்பிள்ஸ் ரப்பரைப் பற்றி ஊரெல்லாம் பேசினார்கள். அந்த ரப்பரிலிருந்து வரும் பந்து மெதுவாக, நாம் கொடுத்த சுழற்சியே பெருமளவு எதிர்த்திசையில் நிலைத்திருக்க, சற்று ஆடிக்கொண்டு வரும். அவசரம் இல்லாததால் ஃபோர்ஹேண்டுக்கு நேரம் உண்டு; ஆனால் எதிராளி மட்டையைத் திருப்பி மறுபக்க ரப்பரில் ஆடினாரா என்பதை அதன் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே வீச வேண்டும்.

எங்கள் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. பந்தின் எடை 2.7 கிராம்தான் என்பதால் மின்விசிறியை அணைத்துவிட்டே ஆட வேண்டியிருக்கிறது. மே மாதத்தில் முன்கையிலிருந்து வழியும் வியர்வை ரப்பரில் ஒரு சொட்டு விழுந்தாலும், பந்தை உரசி எடுக்கும் ஃபோர்ஹேண்ட் லூப் வழுக்கி வலைக்குள் போய்விடும். பந்தை நேராகச் சந்திக்கும் பேக்ஹேண்ட் பிளாக்குக்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆகவே புழுக்கமான நாட்களில் துண்டு எடுக்க அனுமதியுள்ள ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை ரப்பரையும் கைப்பிடியையும் துடைத்துவிட்டு, இடையில் ஈரம் தட்டும்போதெல்லாம் பேக்ஹேண்டை அதிகம் நம்புகிறேன். வயதும் அதே திசையில்தான் தள்ளுகிறது. நாற்பது வயதில் சரத் கமல் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றார் என்பது உண்மை. ஆனால் என் முழங்கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. வாரநாட்களில் மேசைக்கு ஓர் அடி நெருங்கி, நடுக்கோட்டுக்குச் சற்று அருகே நின்று, முதல் தாக்குதலை பேக்ஹேண்டில் தொடங்கி, அதற்குத் தளர்வாகத் திரும்பும் பந்தில் மட்டும் ஃபோர்ஹேண்டைப் பயன்படுத்துகிறேன். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இந்த வரிசையைச் சொல்வதில்லை. அவர்களை முதலில் ஓடவைத்து, ஃபோர்ஹேண்டில் மேசையின் மூன்றில் இரண்டு பங்கையாவது காக்கும் கால்களை உண்டாக்கிக்கொள்ளச் சொல்கிறேன். பேக்ஹேண்டையும் அதே நாளில், அதே அளவு நேரம் கொடுத்துச் சொல்லித்தருகிறேன். எங்கள் மாஸ்டர் இருந்திருந்தால் பின்பாதியை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்.